காதுக்குச் சமைத்தவர்

உலகத்தில் வாய்க்குச் சமைக்கிறவர்கள் கோடிப் பேர் இருக்கிறார்கள். காதுக்குச் சமைத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பொன்னேரியில் ஸ்டேஷன் ரோட்டில் மெஸ் நடத்தினார். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள், எழுபதுகளில் அந்த மெஸ்ஸில் ஒரு வேளையாவது கை நனைத்த யாரையாவது விசாரித்துக்கொள்ளலாம். கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், விஷயம் மாறாது.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் ஏதாவது எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அவர் சொய்ங் நைனா. ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்தில் வயதில் மூத்த எவரும் நைனாதான். சொய்ங் என்பது அவரே உழைத்துச் சம்பாதித்துக்கொண்ட பட்டம்.

மெஸ் வாசலை ஒட்டி ஒரு அடுப்பு, அதன் மேல் பெரிய தோசைக்கல். நைனா அதன் பின்னால் கையில் சின்னத் துடைப்பமும் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்புமாக நிற்பார். யாராவது ஒருவர் வாசல்படியில் கால் வைத்தால் போதும், துடைப்பத்தை நனைத்துக் கல்லின் மேல் ஒரு உதறு உதறுவார். சொய்ங் என்று ஒரு சத்தம் எழும்பும். பழவேற்காடு பஸ் எங்கே நிற்கும் என்று வழி கேட்க வந்தவர்கள்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸைத் தவற விட்டிருக்கிறார்கள். கல்லில் மாவே ஊற்றாத நேரத்திலும் இது நடக்கும். மாவு இரண்டாம்பட்சம் என்பது நைனாவின் கொள்கை.

நான் அப்போது பொன்னேரியில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த பிரம்மச்சாரி. வயிறு முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. வந்த புதிதில் ஒருநாள், ஏன் நைனா வெறும் கல்லில் தண்ணீர் தெளிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"துன்றது மனசு சார். வாயி சும்மா அரைக்கிற மிசினு. நாக்குல சோறு படறதுக்குள்ள காதும் மூக்கும் கண்ணும் உள்ள போயி, நல்லா கீதா நல்லால்லயான்னு மனசாண்ட சொல்லி முட்ச்சிடுது. நாக்கு கடைசியில வந்து கையெழுத்து போடுது, அவ்ளோதான்."

இதைச் சொல்லிவிட்டு எனக்கு உப்புமா வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நான் ரசித்தேனா, என் காது ரசித்ததா என்ற சந்தேகத்தில் அன்றைக்கு மண்டியில் கணக்குத் தப்பிப்போனது.

ரசத்துக்குத் தாளிப்பதை அவர் அடுக்களையில் செய்யவே விடமாட்டார். பொரிகிற கடுகோடு தாளிப்புக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஓடி வந்து, நடுவில் வைத்துத்தான் ரசத்தில் இறக்குவார். அந்தச் சத்தம் அடங்கும்வரை யாரும் பேசக் கூடாது. சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்த சமயத்தில் டீயில் சர்க்கரை பாதியாகியது, கலக்குவது இரட்டிப்பாகியது. கண்ணாடித் தம்ளருக்குள் ஸ்பூனை விட்டுக் கோயில் மணி மாதிரி அடித்துக் கலக்குவார். ரொம்ப இனிப்பு, அடுத்த தடவை குறைத்துப் போடுங்கள் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் இதையெல்லாம் ஒப்புக்கொள்ளாதவர் கோதண்டம். ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் வேலை. தன்னுடைய நாக்கைப் பற்றி அவருக்கு அசாத்தியப் பெருமை. ஒரு வாய் வைத்தால் மிளகாய் எந்த ஊரில் காய்ந்தது என்று சொல்லிவிடுவேன் என்பார். அவரை மடக்க வேண்டுமென்று நைனா காத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என் கண் முன்னாலேயே ஒரே அண்டாவிலிருந்து சாம்பாரை எடுத்து, ஈயம் பூசிய பித்தளை பக்கெட்டில் பாதியும் அலுமினிய பக்கெட்டில் பாதியும் ஊற்றினார். கோதண்டத்துக்கு முதலில் அலுமினியத்திலிருந்து பரிமாறினார். கோதண்டம் முகத்தைச் சுளித்து, பருப்பு வேகவில்லை, பெருங்காயம் செத்துப்போன பெருங்காயம் என்று தீர்ப்பு எழுதினார். பித்தளையிலிருந்து ஊற்றியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது சாம்பாரு. இதை வெச்சிக்கினு அதை ஏன்யா ஊத்தனே?"

உண்மையைச் சொன்னோம். கோதண்டம் அசரவில்லை. அப்படியென்றால் பித்தளையில்தான் ருசி இருக்கிறது என்றார். அன்று முதல் பித்தளை பக்கெட் வரும் வரிசையில் உட்காரச் சண்டை வந்தது. அலுமினிய வரிசைக்காரர்கள் தங்களை ஏதோ கஷ்டப்படுகிற ஜனங்களாக நினைக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் நைனாவின் பெரிய சாதனை மழைக்காலத்து மீன்குழம்புதான். பழவேற்காட்டிலிருந்து தினமும் கூடையில் மீன் வரும். ஒரு மழையில் படகு எதுவும் ஏரிக்குள் இறங்கவில்லை, மீனும் வரவில்லை. நைனா கலங்கவில்லை. கத்தரிக்காயைப் போட்டுக் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் ஓரத்தில் கரி அடுப்பில் ஒரே ஒரு கருவாட்டுத் தலையை வாட்டி, அந்தப் புகையைப் பனை விசிறியால் எங்கள் பக்கம் விசிறிக்கொண்டிருந்தார். மேகமூட்டத்தில் உள்ளே வெளிச்சமும் இல்லை. மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டோம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மீன்குழம்பு என்றால் விரல் தானாக முள்ளைத் தேடும். கோதண்டம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது ஆளிடம், "பாத்து துன்னுங்க, முள்ளு ஜாஸ்தி" என்று எச்சரிக்கை செய்தார். பிறகு வாயிலிருந்து நிதானமாக எதையோ எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். அது கத்தரிக்காய்க் காம்பு.

இவ்வளவு சொன்னேனே, சமைத்தது யார் என்று சொன்னேனா? நாங்களும் அப்போது அதைக் கேட்கவில்லை. நைனாவின் மனைவி மங்கம்மா. ஆரம்பாக்கத்துப் பெண். அடுக்களைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் சுவரில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாகப் பாத்திரங்கள் வரும். எனவே நாங்கள் அவரை முகமாகப் பார்த்ததைவிடக் கண்ணாடி வளையல் போட்ட கையாகப் பார்த்ததுதான் அதிகம். சாம்பார் பிரமாதம் என்று யாராவது சொன்னால் நைனா உடனே, பித்தளை பக்கெட் என்பார். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது என்றால், அதற்கு முன்னால் கரண்டியை ஒரு மாதிரி இழுத்தேனே, கவனித்தாயா என்பார். அப்படி ஒருநாள் சொன்னபோது ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஆமா. கரண்டிதான் புளி கரைச்சிச்சி, பக்கெட்டுதான் பருப்பு வேக வெச்சிச்சி. நான் சும்மா குந்திக்கினு கீறேன்."

எல்லோரும் சிரித்தோம். வளையல் கை மட்டும் ஓட்டையிலிருந்து விருட்டென்று உள்ளே போனது. அந்த அம்மாளுக்கு அது சிரிப்பான விஷயமாக இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மெஸ்ஸுக்கு எதிர்வரிசையில் சனி வந்து உட்கார்ந்தது. டியூப்லைட், கண்ணாடி அலமாரி, வாசலில் பெரிய ஒலிபெருக்கி வைத்த ரேடியோவோடு ஒரு புது ஓட்டல். ரேடியோ காலையில் ஆரம்பித்தால் ராத்திரி கடையைக் கட்டும்வரை பாடும். நைனா உதறுகிற சொய்ங் அந்தச் சத்தத்தில் அவர் காதுக்கே கேட்கவில்லை. தண்ணீரை அதிகப்படுத்திப் பார்த்தார், கல்லைப் பெரிசாக்கிப் பார்த்தார். ரோட்டில் போகிறவர்கள் ரேடியோ பக்கமே திரும்பினார்கள். ஆட்கள் குறைந்து, கடைசியில் பித்தளை வரிசையிலேயே இடம் காலியாக இருந்தது. இது போதாதென்று கட்டிடக்காரர் வேறு, பொங்கலுக்குள் இடத்தைக் காலி செய்துகொடுங்கள் என்று சொல்லிவிட்டார். காலி செய்தால் ஆரம்பாக்கத்தில் மச்சான் வீட்டில்தான் போய் உட்கார வேண்டும். மச்சானுக்கு நாலு காணி நிலம் இருந்தது, மனசு அவ்வளவு விசாலம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைக்க ஆரம்பித்தன. இரும்புத் தகடு வளைக்கிற ஒரு தொழிற்சாலைக்கு கேண்டீன் நடத்த ஆள் தேடுவதாகக் கோதண்டம் செய்தி கொண்டுவந்தார். ஒருநாள் மதியச் சாப்பாடு போட்டுக் காட்ட வேண்டும், மேனேஜருக்குப் பிடித்தால் கேண்டீன். எதிர் ஓட்டல்காரரும் மனு போட்டிருந்தார். அவருக்கு முதல் நாள், நைனாவுக்கு மறுநாள்.

நைனா பரபரப்பாகிவிட்டார். தோசைக்கல், பித்தளை பக்கெட், தாளிப்புக் கரண்டி, கருவாட்டுத் தலை என்று சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கினார். சுவரின் ஓட்டைக்குள் அடங்கியிருந்த மங்கம்மா அன்றைக்கு முதல் தடவையாக நாங்கள் சாப்பிடும் இடத்துக்கு வந்து நின்றார்.

"இன்னாய்யா, இந்த ஒரு வாட்டி உன் வித்தையெல்லாம் ஊட்ல வெச்சிட்டு வாயேன். நான் ஆக்கினதை மட்டும் போடேன்."

நைனாவுக்கு அந்தக் கோரிக்கையே புரியவில்லை. "வெறுஞ்சோத்தை எவன்மே துன்னுவான்?" என்றார்.

அதற்குப் பிறகு மங்கம்மா கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பும்வரை நைனாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மி மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகப் பேசியது.

காலை பாசஞ்சரில் போனோம். கோதண்டம் லீவு போட்டுவிட்டு வந்தார். பார்சல் ஆபீஸ் செல்வாக்கில் சாமான்களை ஏற்றியது அவர்தான். பரிமாற நான். நைனா தோசைக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு, கவரைப்பேட்டை தாண்டும்வரை உதட்டுக்குள் ஏதோ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். மங்கம்மா அஞ்சறைப் பெட்டியை அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் பித்தளை பக்கெட் இருந்தது.

தொழிற்சாலையின் உள்ளே கால் வைத்தவுடன் நைனாவின் முகம் வெளிறிப்போனது. தகடுகளைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதோடு புதிதாக வந்த பிரஸ் மெஷின் ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு தடவை இறங்கினால் பல் ஆடியது. கேண்டீன் கட்டிடத்துக்குக் கூரை முடியாததால் அந்தக் கொட்டகையின் ஒரு மூலையிலேயே சாப்பாடு. நான் நைனாவிடம் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை.

மங்கம்மா அந்த இரைச்சலிலேயே சமையலை முடித்திருந்தார். முதல் ஆட்கள் வந்ததும் நைனா துடைப்பத்தை நனைத்துக் கல்லில் உதறினார். ஆவி எழுந்தது, சத்தம் இல்லை. மறுபடி உதறினார். கடைசியில் ஆத்திரத்தில் சொம்பையே கவிழ்த்தார். கல் கேட்டதோ இல்லையோ, கீழே இருந்த பம்ப் ஸ்டவ் அணைந்துபோனது. உடனே கருவாட்டுத் தலையை எடுத்தார். கொட்டகை முழுக்கத் தூண்களுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த நெடியில் பழவேற்காடு ஏரியையே கொண்டுவந்து வாட்டினாலும் மூக்குக்கு எட்டாது. மிச்சம் இருந்தது பித்தளை பக்கெட். அதைத் தூக்கிப் பிடித்தார். விளக்கு போடாத மூலை அது. பித்தளையும் அலுமினியமும் அங்கே ஒரே கறுப்பாக இருந்தன.

நைனா போய் ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் போனேன். என் காதில் வாயை வைத்துக் கத்தினார்.

"போச்சு சார். காதும் இல்ல, மூக்கும் இல்ல, கண்ணும் இல்ல. வெறும் சோறுதான் கீது."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதுவரை அவரைக் கிண்டல் செய்தே பழகியிருந்த எனக்கு, இந்த மனிதர் மச்சான் வீட்டுத் தாழ்வாரத்தில் போய்க் கைகட்டி நிற்கக் கூடாதே என்று அப்போது மெய்யாகவே கவலையாக இருந்தது.

மங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியை என் கையில் கொடுத்தார். பரிமாறினோம். மேனேஜர் என்பவர் நெட்டையாக, சிரித்துப் பழக்கமில்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். சாம்பார் சாதத்தை ஒரு வாய் வைத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. இன்னொரு வாய். கோதண்டம் எனக்கு எதிரில் நின்று, நெற்றியில் விபூதி இட்டுக்கொள்வதுபோல் சைகை செய்தார். கதை முடிந்தது என்று அர்த்தம். அப்போது மேனேஜர் விரலை நீட்டிச் சாம்பார் பக்கெட்டைக் காட்டினார். ஊற்றினேன். மறுபடி காட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் காட்ட ஆரம்பித்தார்கள். பேசினால் கேட்காத இடம் என்பதால் எல்லாம் விரல்தான். வரிசை பூராவும் விரல்கள் நீண்டன. வத்தக்குழம்பைக் கையில் வாங்கிக் குடித்தவர்கள் இருந்தார்கள். நானும் கோதண்டமும் பக்கெட்டோடு ஓடியதில் எனக்கு ஒரு செருப்பு அறுந்தது.

மேனேஜர் கை கழுவிவிட்டு நேராக நைனாவிடம் வந்தார். கரண்டியால் கிளறுவதுபோல் கையை ஆட்டிக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். யார் சமையல் என்று கேட்கிறார். நைனா எழுந்து நின்றார். பழக்க தோஷத்தில் அவர் கை பித்தளை பக்கெட் பக்கம் கிளம்பியது. பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, மூலையில் பாத்திரத்தை வழித்துக்கொண்டிருந்த மங்கம்மாவைக் காட்டியது. காட்டிய கை இறங்கவே இல்லை. மங்கம்மா தலை நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த அம்மாள் பதிலுக்குக் கும்பிடக்கூடத் தோன்றாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கேண்டீன் கிடைத்துவிட்டது. திரும்பி வருகிற ரயிலில் எங்கள் காதுக்குள் பிரஸ் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கவரைப்பேட்டை தாண்டியதும் மங்கம்மாதான் ஆரம்பித்தார்.

"இன்னா, உன் பக்கெட்டு இன்னிக்கு வாயே தொறக்கல?"

நைனா ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தொண்டை கட்டிக்கிச்சு அதுக்கு."

அப்புறம், சாம்பார்ல இன்னாத்த போடறே நீ என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். மங்கம்மா பொன்னேரி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். கோதண்டம் நடுவில் புகுந்து, பித்தளையில் ஊற்றியதும் ஒரு காரணம் என்று சொல்லப்போய் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிற்பாடு எனக்கும் அதே தொழிற்சாலையில் டைம்கீப்பர் வேலை கிடைத்தது. மதியம் கேண்டீனுக்குள் நுழைந்தால் நைனா துடைப்பமும் சொம்புமாக நிற்பார். அவர் திருந்தியிருப்பார் என்று நினைத்தவர்கள் அவரை அறியாதவர்கள். பக்கத்துக் கொட்டகையில் பிரஸ் ஓடும், சொய்ங் ஒருவருக்கும் கேட்காது. இருந்தாலும் கையை உதறுவார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கை உதறுவதைப் பார்த்தவுடன் எங்கள் எல்லோருக்கும் சத்தம் கேட்டுவிடும், வாயில் தண்ணீர் ஊறிவிடும். பொன்னேரியில் அவர் மெஸ்ஸைப் பார்த்தே இராத ஆட்கள்கூட, சொய்ங் கேட்டது என்று அடித்துச் சொல்வார்கள். நான் ஆச்சரியப்பட்டுப் பார்த்தால் நைனா நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். ஒரே வித்தியாசம், யாராவது சாப்பாடு நன்றாயிருந்தது என்று சொன்னால் உடனே சமையல் கட்டுப் பக்கம் கையைக் காட்டிவிடுவார். அங்கே சுவரில் ஓட்டை இல்லை. பெரிய கதவு, அது எப்போதும் திறந்தே இருக்கும்.

நைனாவும் போய், மங்கம்மாவும் போய் வெகுகாலம் ஆகிறது. அந்த பிரஸ் மெஷின் பக்கத்திலேயே உத்தியோகம் பார்த்ததில் என் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. வாசலில் மணி அடித்தால் தெரியாது. மிக்சி ஓடினால் தெரியாது. பேரன் என்னிடம் பேச வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுக்கிறான். ஆனால் தட்டை வைத்து உட்கார்ந்தேன் என்றால், கணீரென்று ஒரு சொய்ங். எனக்கு உடனே பசி வந்துவிடுகிறது. மருமகளிடம் சொன்னால், மாமா, நான் இன்னும் அடுப்பே மூட்டவில்லையே என்று சைகை காட்டுகிறாள்.

அவள் சொல்வது சரிதான். அவள் மூட்டவில்லை. என் நைனா எனக்காக முன்னாலேயே வந்து மூட்டிவிடுகிறார்.